மெர்சிடிஸ் 600: எண்ணெயையும் காற்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மெர்சிடிஸ் 600 என்ற பழைய சொகுசுக் காரைப் பற்றிப் பேச வருபவர்கள் பலர் பெயரிலேயே சறுக்கிவிடுகிறார்கள். 'அடனாவர் கார்' என்று ஜெர்மானியர்கள் செல்லமாகச் சொன்னது 1951-ல் வந்த மெர்சிடிஸ் 300-ஐ. மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் கொன்ராட் அடனாவர் அதில் பயணம் செய்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 600 பிராங்பர்ட் கண்காட்சியில் தலைகாட்டியது 1963 செப்டம்பரில். அடுத்த மாதமே அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். ஆனாலும் 600-ஐ 'அடனாவர் கார்' என்று சொல்வது, அதாவது மகன் படத்தைப் போட்டு அப்பா பெயரை எழுதுவது, இன்னும் நடக்கிறது. 300-இல் எக்ஸ் வடிவக் குழாய்ச் சட்டம், அதன்மேல் உடல், 3 லிட்டர் 6 சிலிண்டர் இன்ஜின். 600-க்குத் தனிச் சட்டமே கிடையாது, உடலேதான் பாரத்தைத் தாங்குகிறது.

600 என்றால் 6 லிட்டர் என்று நினைப்பதும் தவறு. அதன் வி8 இன்ஜின் 6,332 சி.சி., 250 குதிரைத்திறன். ஏறக்குறைய இரண்டரை டன் எடையுள்ள காரை அது மணிக்கு 205 கி.மீ. வரை இழுத்துக்கொண்டு ஓடியது.

சரி, இதெல்லாம் பேச்சில் வரும் தவறுகள், யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்பேனரை எடுத்த பிறகு செய்யும் தவறுகள்தான் காசைத் தின்னும்.

முதலாவது, கண்ணாடி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு 'பவர் விண்டோ' என்று முடிவுகட்டி, கதவுக்குள் மோட்டாரைத் தேடுவது. அங்கே மோட்டார் இல்லை. அந்தக் காலத்து மின்மோட்டார்கள் பருத்தவை, முனகவும் செய்யும். அந்த முனகல்கூட உள்ளே கேட்கக் கூடாது என்று பொறியாளர்கள் கண்ணாடி, இருக்கை, டிக்கி மூடி எல்லாவற்றையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்கினார்கள். சுவிட்சை லேசாக அழுத்தினால் கண்ணாடி மெல்ல நகரும். முழுக்க அழுத்தினால் சட்டென்று மூடும். விரல் நடுவில் இருந்தாலும் நிற்காது. பார்க்க வந்த விருந்தாளியின் குழந்தையிடம் அந்தச் சுவிட்சைக் கொடுத்து வேடிக்கை காட்டாதீர்கள்.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 150 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). நாம் பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்ஜினை அணைத்துவிட்டோமே என்று குழாயைக் கழற்றுவதும் ஆபத்து, ஏனென்றால் அழுத்தம் சேமிப்புக் கலத்தில் அப்படியே காத்திருக்கும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பது இன்னும் மோசம். ஊசிமுனைத் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள், போதும். எண்ணெய் குறைந்திருக்கிறதே என்று கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றிவிடவும் கூடாது. இது கனிம எண்ணெய்க்கான அமைப்பு. பிரேக் ஆயில் பட்டால் ரப்பர் சீல்கள் ஒவ்வொன்றாகக் கெடும், அப்புறம் கதவு, இருக்கை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

எண்ணெய்க் கதை இது. சஸ்பென்ஷன் வேறு கதை: அது காற்று. தனி கம்ப்ரசர், தனிக் குழாய்கள். நின்ற இடத்தில் கார் தாழ்ந்து போயிருந்தால் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துப் பயனில்லை. தாழ்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, அது எழும்பும் முன்பே ஓட்டிப் போவதும் தவறு. பிரேக்குக்குக் கைகொடுப்பதும் இதே காற்றுதான் என்பதால் காற்றுக் கசிவை வெறும் சொகுசுக் குறையாக நினைக்கக் கூடாது. ஸ்டாண்டு வைக்காமல், காற்றை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே படுக்காதீர்கள்.

இது சர்வாதிகாரிகளின் கார் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. யூகோஸ்லாவியாவின் டிட்டோவும் சீனாவின் மாவோவும் வைத்திருந்தது உண்மை. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியும் வைத்திருந்தார். 1965-ல் எலிசபெத் ராணி மேற்கு ஜெர்மனி வந்தபோது ஏறியதும் இதன் பின்பக்கக் கூரை திறக்கும் வகையான லாண்டலெட்டில்தான். 1981 வரை மொத்தம் 2,677 கார்கள் செய்தார்கள், அவற்றில் லாண்டலெட் வெறும் 59. அதனால் யாராவது லாண்டலெட் விற்கிறேன் என்று வந்தால், பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல் முதலில் சேஸிஸ் எண்ணைச் சரிபாருங்கள்.

இன்னொரு தவறு, மெர்சிடிஸின் வேறொரு மாடலான 450 எஸ்.இ.எல். 6.9-க்கு எழுதிய ஆலோசனையை இங்கே கொண்டுவருவது. இரண்டுக்கும் இன்ஜின் குடும்பம் ஒன்றுதான், எம்100 என்று பெயர். ஆனால் 6.9-இல் சஸ்பென்ஷனை எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்குகின்றன. இன்ஜின் எண்ணெயும் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். 600-இல் இரண்டுமே அப்படி இல்லை. உதிரிபாகம் கேட்கும்போது 'எம்100 இன்ஜின் வண்டி' என்று மட்டும் சொல்லாமல் எந்த மாடல் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.