வெட்டிவேர் தைலம்: பணமும் மணமும் போகும் இடங்கள்

வேரைக் கழுவ வேண்டும், வேரில் ஆவி ஏற்றித் தைலம் வடிக்கும் கொப்பரையின் மூடியில் ஆவி கசியக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக வெட்டிவேர் தைலம் வடிக்க இறங்குகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது வேறு இடங்களில். அதே தவறுகளைத்தான் ஒவ்வொருவரும் முதலிலிருந்து செய்கிறார்கள்.

பாதியில் அடுப்பை அணைப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் மனசு ஆறுவதில்லை. ஓராண்டுக்கு மேல் மணலில் வளர்த்து, ஆள் கூலி கொடுத்துத் தோண்டி, உதறி, கழுவி, நிழலில் உலர்த்திய வேர். அதைக் கொப்பரையில் ஏற்றிவிட்டு எட்டாவது மணிநேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "லெமன்கிராஸ் மூணு மணிநேரத்துல முடிஞ்சிடுதே, இதுக்கு எட்டு போதாதாங்க?" என்று கேட்பார்கள்.

போதாது. லெமன்கிராஸில் எண்ணெய் இலையில் இருக்கிறது. ஆவி பட்டதும் இறங்கிவிடும். வெட்டிவேரில் அது வேர்ப்பட்டையின் உள்ளடுக்கில் புதைந்திருக்கிறது. அதிலுள்ள பொருட்களும் கனமானவை, பெரும்பாலானவற்றின் கொதிநிலை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல். முதலில் வருவது இலேசான பகுதி. இந்தத் தைலத்தின் முக்கியப் பொருட்களான குசிமால், ஆல்பா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் எல்லாம் பின்னால்தான் நிறைய இறங்கும். பாதியில் நிறுத்திய தைலத்தை ஒரு தாள்துண்டில் தொட்டு வைத்துப் பாருங்கள்: பச்சை வேரும் ஈரமண்ணுமாக மூக்கில் அடித்துவிட்டுச் சீக்கிரம் மங்கும். முழுக்க வடித்தது நாள் கணக்கில் நிற்கும். அத்தர், சென்ட் செய்கிறவர்கள் விலை கொடுப்பது அந்த நிற்கும் மணத்துக்குத்தான்.

சாதாரண அழுத்தத்தில் 18 முதல் 24 மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேரைத் தண்ணீரிலேயே போட்டுக் காய்ச்சும் முறையில் இன்னும் கூடும். அழுத்தத்தை ஏற்றினால் நேரம் குறையும், ஆனால் மிஞ்சினால் கருகல் வாடை ஏறிவிடும்; பிறகு அதை எடுக்கவே முடியாது. எப்போது நிறுத்துவது என்பதை மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து மணிநேரத்துக்குப் பிறகு, மணிக்கு ஒருமுறை இறங்கும் எண்ணெயைத் தனிக் குப்பியில் பிடித்து எடை போட்டு எழுதுங்கள். அந்த ஒரு மணி எண்ணெயின் விலை அந்த ஒரு மணி விறகுக்குக் கட்டாதபோது அணைக்கலாம். உலர்ந்த வேர் 100 கிலோவுக்கு ஒரு கிலோ தைலம் வந்தாலே நல்ல மகசூல். அதில் பாதியைச் சக்கையோடு எருக்குழியில் கொட்டலாமா?

வேரை முழுசாக அடைப்பது

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஓர் இரவு ஊறவைத்து ஏற்றுங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் அடைத்தால் ஆவி தளர்ந்த வழியிலேயே ஏறிப் போய்விடும், மற்ற பக்கத்து வேர் வேகாது.

எண்ணெயைத் தண்ணீரோடு கொட்டுவது

இந்தத் தைலத்தின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் பிரியும் கலத்தில் கொஞ்சம் மேலே மிதக்கும், சில துளி அடியில் தேன்போல உட்காரும், நடுவில் தண்ணீர் பால்போலக் கலங்கியிருக்கும். மேலே மிதப்பதை மட்டும் எடுத்தால் நஷ்டம். கலங்கிய தண்ணீரைத் திரும்பக் கொப்பரைக்கே விடுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்தால் தைலம் கெட்டியாகிக் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். வடிந்து வரும் நீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

அன்றே முகர்ந்து விலை பேசுவது

புதுத் தைலத்தில் கொப்பரை வாடை இருக்கும். சில வாரம் ஆறட்டும்.

பிளாஸ்டிக் பாட்டில்

கூடாது. பழுப்புக் கண்ணாடி.

பானைத் தண்ணீரில் தைலச்சொட்டு

வேர்முடிச்சைப் பானையில் போடுகிறோமே, ஒரு சொட்டுத் தைலம் விட்டால் என்ன என்று வாங்கிப்போகிறவர்கள் கேட்பார்கள். வேர் ஊறிய நீரில் இறங்குவது கொஞ்சம்தான். தைலம் செறிவானது, நீரில் கரையாமல் மேலே மிதந்து நேரே உதட்டிலும் தொண்டையிலும் படும். உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், குடிப்பதற்கு என்று சொல்லி விற்காதீர்கள். குளிக்கும் தண்ணீரிலும் நேரே சொட்டு விடாதீர்கள்: முதலில் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலக்க வேண்டும்.

சொட்டுக் கணக்கு

தைலம் கெட்டியானது, ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு அளவில் விழும். எடை போடுங்கள். முகத்துக்குப் பூச 30 கிராம் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 0.3 கிராம் தைலம், அதாவது ஒரு சதவீதம். உடம்புக்கு இரண்டு சதவீதம் வரை. குப்பியிலிருந்து இறங்கவில்லையென்றால் வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்துங்கள். முழங்கையின் உட்புறத்தில் கலவையைத் தடவி 24 மணிநேரம் பார்த்த பிறகே மற்ற இடத்தில் பூச வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அந்தக் கலவையை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

கைக்குழந்தைக்குத் தடவுவது

வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம்.