அறுபது பேருக்கு டிரம்மில் புகைபோட்ட நெஞ்சுக்கறி

மாட்டின் நெஞ்சுக்கறியை மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகப் புகைபோட்டு வேகவைக்கும் டெக்ஸாஸ் முறையைச் சொல்லும் குறிப்புகள் ஆறேழு கிலோ எடையும் ஊடுகொழுப்பும் உள்ள நெஞ்சுக்கறியை மனதில் வைத்தவை. கும்பகோணத்திலோ நாகப்பட்டினத்திலோ கறிக்கடையில் கிடைப்பது வேறு. பெரும்பாலும் வயதான மாடு அல்லது எருமை. துண்டு இரண்டரை, மூன்று கிலோதான் வரும், கொழுப்பும் குறைவு. அந்தக் குறிப்பை அப்படியே இங்கே செய்தால் செருப்புத்தோல்தான் மிஞ்சும். கறிக்கு ஏற்ப மூன்று இடங்களில் மாற்ற வேண்டும்: வேகும் கறியைச் சீக்கிரமே இலையில் சுற்றுவது, வெளியிலிருந்து கொழுப்பு சேர்ப்பது, கடைசியில் நீண்ட நேரம் சூட்டில் வைத்திருப்பது.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள். அறுபது பேர் வரும் விசேஷத்தில் எல்லாரும் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்கள். நாற்பது பேர் சாப்பிடுவார்கள் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 150 கிராம், மொத்தம் 6 கிலோ வெந்த கறி. சீவும்போதும் வேகும்போதும் பாதி எடை போய்விடும். அதனால் 12 கிலோ வாங்க வேண்டும். மீதிப் பேருக்கு எலும்போடு 6 கிலோ ஆட்டு முன்னங்கால் சப்பை, அதாவது நாலு சப்பை. இது போக ஆளுக்கொரு கோழிக்கால். மாட்டுக்கறிக்கு ஒரு டிரம், ஆட்டுக்கும் கோழிக்கும் இன்னொன்று. இடுக்கி, கத்தி, பலகை எல்லாம் தனித்தனி. இதில் சமாதானம் வேண்டாம். கேட்கிறவருக்கு ‘வேற டிரம், வேற கத்தி’ என்று நிமிர்ந்து சொல்ல முடிய வேண்டும்.

கறிக்காரரிடம் மூன்று நாள் முன்பே சொல்லிவிடுங்கள்: நெஞ்சுப் பகுதியை எலும்பிலிருந்து ஒரே துண்டாகச் சீவ வேண்டும், கைப்பழக்கத்தில் கொத்திவிடக் கூடாது, மேல்கொழுப்பை எடுக்கக் கூடாது. கூடவே ஒரு கிலோ தனிக்கொழுப்பும் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு விருந்துக்கு வியாழனே வாங்கிவிட வேண்டும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அந்த விறைப்பு முழுதாக இளக ஒன்றிரண்டு நாளாகும். 4 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியிலோ ஃப்ரிட்ஜிலோ வையுங்கள். ஐஸ் உருகும் தண்ணீர் கறியில் படக் கூடாது. வாங்கிய கையோடு ஃப்ரீசரில் போட்டால் தசை விறைக்கும் முன்பே உறைந்துபோகும். உருக்கும்போது பலமாகச் சுருங்கி, நீரையெல்லாம் கக்கிவிடும்.

டிரம்முக்கு வருவோம். 200 லிட்டர் இரும்பு டிரம், மூடியோடு. பழ எசன்ஸ், சமையல் எண்ணெய் வந்ததாக இருக்கட்டும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெல்டிங் பட்டறையில் கொடுக்க வேண்டிய கணக்கு இது. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் 2 செ.மீ. துளை நாலு. ஒவ்வொன்றுக்கும் போல்ட்டில் சுழலும் தகர மூடி. மேல்மூடியில் 12 மி.மீ. துளை எட்டு. கரிக்கூடை எக்ஸ்பாண்டட் மெஷ்ஷில், 38 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம். அதற்கு 7 செ.மீ. கால் வைக்க வேண்டும், சாம்பல் கீழே விழுந்தால்தான் காற்று ஏறும். கறி வைக்கும் தட்டு இரண்டு: தரையிலிருந்து 55 செ.மீ.யில் ஒன்று, 72 செ.மீ.யில் ஒன்று. தட்டுக்கு ஜிஐ கம்பி போடவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் நச்சுப்புகை விடும். சாதா இரும்பு அல்லது ஸ்டீல் போதும். முதல் தடவை உள்ளே விறகை அடைத்து இரண்டு மணி நேரம் கொழுந்துவிட்டு எரியவிடுங்கள். பெயின்ட்டும் உள்பூச்சும் எரிந்த பிறகு கம்பித்தூரிகையால் தேய்த்து, எண்ணெய் தடவி ஒருமுறை சூடாக்கினால் டிரம் தயார்.

கரி விஷயத்தில் நமக்கு யோகம். மூட்டையில் வரும் கரி பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். டெக்ஸாஸில் கொண்டாடும் மெஸ்கீட் மரம் இதற்குப் பங்காளி. ஊரெல்லாம் திட்டித் தீர்க்கும் முள்மரத்துக்கு இப்படி ஒரு மரியாதை. ஆனால் அதன் விறகுப்புகை காரமானது. சூட்டுக்குக் கரியாகவே போடுங்கள், வாசனைக்கு விறகு கைப்பிடி அளவில் நாலைந்து துண்டு போதும். கொய்யா விறகு கிடைத்தால் இன்னும் நல்லது, புகை மென்மையாக இருக்கும். சவுக்கு சூட்டுக்கு ஆகும், மணத்துக்கு ஆகாது. கொட்டாங்கச்சிக் கரியும் அப்படித்தான். வேப்பமரம் கசக்கும். அரளி விஷம். தைலமரத்தில் எண்ணெய் வாடை. பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை பக்கமே போகக் கூடாது. எந்த விறகானாலும் பட்டை உரித்து, ஆறு மாதம் காய்ந்ததாக இருக்க வேண்டும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் வெளியே கிடக்கும் விறகும் கரியும் ஈரம் குடித்திருக்கும். தை, மாசிதான் இந்த வேலைக்குத் தோதான காலம். அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டிருப்பார்கள், டிரம் அதிலிருந்து நல்ல தூரத்தில், காற்று போரின் பக்கம் அடிக்காத இடத்தில் நிற்கட்டும்.

சனிக்கிழமை மாலை கறியைச் சீவுங்கள். மேல்கொழுப்பு அரை செ.மீ. நிற்கட்டும், பக்கத்தில் தொங்கும் மெல்லிய ஓரங்களை வெட்டிவிடுங்கள், அவை எப்படியும் கருகும். கிலோவுக்கு உப்பு 12 கிராம், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 10 கிராம், வறுத்த மல்லி 5 கிராம். உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். வேதாரண்யம் கல் உப்பும் பாக்கெட் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, தராசில் நிறுங்கள். இஞ்சி பூண்டு விழுது, தயிர், பப்பாளிக்காய் மூன்றும் வேண்டாம். விழுது எட்டு மணி நேரச் சூட்டில் கருகிக் கசக்கும். தயிர் மேலே ஈரப்படலம் போட்டுப் பொருக்கு பிடிக்கவிடாது. பப்பாளி மேல்தோலைக் குழைத்துவிட்டு உள்ளே ஒன்றும் செய்யாது. ஆட்டுச் சப்பைக்கும் இதே கலவைதான். கோழிக்காலைத் தோலோடு கேட்டு வாங்கி, லிட்டருக்கு 50 கிராம் உப்புப் போட்ட ஐஸ் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்தால் போதும். அதை ஞாயிறு காலையில் செய்துகொள்ளலாம்.

இரவு பதினொன்றுக்கு நெருப்பு. கூடையில் ஏழு கிலோ கரி, இடையிடையே விறகுத் துண்டு. தனியாகக் கொட்டாங்கச்சி, தேங்காய்மட்டை நாரில் பற்றவைத்த பதினைந்து துண்டுக் கங்குகளை மேலே நடுவில் வையுங்கள். கங்கு மேலிருந்து கீழே மெல்ல இறங்கி விடியும்வரை எரியும். மொத்தக் கரியையும் பற்றவைத்தால் மூன்று மணி நேரத்தில் சாம்பல்தான். மண்ணெண்ணெய் ஊற்றினால் கறி மண்ணெண்ணெய் மணக்கும். அடித்துளை நாலும் திறந்திருக்கட்டும். டிரம்முக்குள் சூடு 100 டிகிரி தொட்டதும் மூன்றை மூடி, 120-இல் நிற்க வையுங்கள். ஏறிவிட்ட சூட்டை இறக்குவது பெரும்பாடு, அதனால் முன்கூட்டியே மூடுங்கள். மேல்துளைகளை மட்டும் ஒருபோதும் மூடாதீர்கள். புகை வெளியேற வழியில்லாமல் கறியிலேயே படிந்து கசக்கும். முதலில் வரும் கெட்டியான வெள்ளைப்புகை அடங்கி, கண்ணுக்கு லேசாக நீலம் தெரியும் மெல்லிய புகை வந்த பிறகே கறி உள்ளே போகலாம். அநேகமாக அதற்குள் நள்ளிரவாகிவிடும்.

கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கிவிடுங்கள், மூடியில் பதித்த முள் காட்டியை நம்பி ராத்திரி வேலை செய்ய முடியாது. கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் 100 காட்ட வேண்டும். டிரம்மைக் கொட்டகைக்குள் வைக்கக் கூடாது, கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். காற்றுக்கு மறைப்பாகத் தகரம் நிறுத்துங்கள், கீற்றுத்தட்டி வேண்டாம். மூடியை அடிக்கடி திறந்தால் காற்று பாய்ந்து நெருப்பு எகிறும். சொட்டும் கொழுப்பு அந்த நேரத்தில்தான் தீப்பிடிக்கும்.

நாலு, ஐந்து மணி நேரத்தில் கறியின் உள்சூடு 65 தாண்டி அப்படியே நின்றுவிடும். முதல்முறை செய்கிறவர்கள் இங்கேதான் பதறிக் கரியை அள்ளிக் கொட்டுவார்கள். வேர்வை காயும்போது உடம்பு குளிர்வது போலத்தான் இதுவும்: கறியின் நீர் ஆவியாகி, உள்ளே வரும் சூட்டையெல்லாம் தின்றுவிடுகிறது. கொழுத்த கறியென்றால் காத்திருக்கலாம். நம்முடையது காய்ந்துவிடும். மேல்பொருக்கு விரலால் சுரண்டினால் பெயராத அளவு பிடித்ததும் சுற்றிவிடுங்கள். வாழை இலையைத் தணலில் வாட்டி, நடுநரம்பைச் சீவி, இரண்டு அடுக்காக விரியுங்கள். முன்பே உருக்கி வைத்த மாட்டுக்கொழுப்பு ஒரு குழிக்கரண்டி கறிமேல் ஊற்றி, இறுக்கிச் சுற்றி, வெளியே அலுமினியத்தாள். இலை மட்டும் போட்டால் விடிவதற்குள் வெடித்துச் சாறெல்லாம் கரியில் போகும். தாள் மட்டும் போட்டால் அந்த மணம் வராது. கீழ்த்தட்டு எப்போதும் கூடுதலாகச் சுடும், சுற்றிய பொட்டலங்களை மேலும் கீழும் மாற்றி வையுங்கள்.

வெந்ததற்கு அடையாளம் கடிகாரத்தில் இல்லை. எட்டு மணி நேரமும் ஆகலாம், பத்தும் ஆகலாம். 95 டிகிரியில் பார்க்க ஆரம்பியுங்கள். வெப்பமானிக் கம்பியைத் தாளின் மேல் வழியாகவே குத்தினால், வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இறங்குவதுபோல் தடையில்லாமல் இறங்க வேண்டும். வயதான மாட்டின் தசைநார் முறுக்கேறிய நார், 97, 98 வரைகூடக் கேட்கும். வெட்டியபின் இழுத்தால் ரப்பர்போல் நீண்டால் வேகவில்லை. தூளாக உதிர்ந்தால் வெந்தது கூடிவிட்டது.

எடுத்ததும் பொட்டலத்தைச் சற்றே பிரித்து ஆவி போகவிட்டு, உள்சூடு 75-க்கு இறங்கியதும் மறுபடி மூடுங்கள். பெரிய மூங்கில் கூடையில் காய்ந்த வைக்கோலைக் கெட்டியாக அமுக்கி, நடுவில் குழி பறித்து, வேட்டித்துணியில் சுற்றிய பொட்டலங்களை வைத்து, மேலேயும் வைக்கோல், அதன்மேல் நாலு சாக்கு. இரண்டு மூன்று மணி நேரம் சூடு தாங்கும், கறியும் உள்ளே இன்னும் இளகும். ஒரு வெப்பமானிக் கம்பி உள்ளேயே இருக்கட்டும். 60-க்குக் கீழே இறங்கினால் டிரம்முக்குத் திரும்ப வேண்டும், அதற்குக் கீழே கிருமி பெருகும். புதுத் தெர்மாகோல் மீன் பெட்டியும் இதற்கு ஆகும். ஆனால் 95-இல் எடுத்த சூட்டோடு வைத்தால் பெட்டி இளகி நெளிந்துவிடும்.

இரண்டாவது டிரம்மில் ஆட்டுச் சப்பையைக் காலை ஆறு மணிக்கு ஏற்றுங்கள். மூன்று மணி நேரம் புகை, பிறகு இலையும் தாளும், 92 டிகிரியில் எலும்பு திருகினால் கையோடு வரும். பதினோரு மணிக்கு அதை இறக்கிவிட்டு, துளைகளைத் திறந்து 150-க்கு ஏற்றிக் கோழிக்காலை அடுக்குங்கள். ஒரு தட்டில் முப்பது கால் கொள்ளாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள், நெருக்கினால் தோல் அவிந்து வழவழக்கும். 74 டிகிரி வந்தாலே பயமில்லாமல் சாப்பிடலாம், ஆனால் காலுக்கு 80-தான் ருசி. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

வெட்டுவதை அவசரப்படாமல் செய்யலாம், நம் ஊர்ப் பந்தி முறை இதற்கு என்றே அமைந்தது. முப்பது பேர் உட்காரும் பந்திக்கு இரண்டு துண்டு மட்டும் பிரியுங்கள், மற்றவை வைக்கோலிலேயே இருக்கட்டும். மொத்தமும் வெட்டி அன்னக்கூடையில் குவித்தால் இரண்டாம் பந்திக்குக் காய்ந்துபோன கறிதான் போகும். நெஞ்சுக்கறியில் தசை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று, நார் ஓடும் திசையும் வேறுவேறு. நடுக் கொழுப்பில் கத்தி விட்டுப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாருக்குக் குறுக்கே பென்சில் கனத்தில் வெட்டுங்கள். பொட்டலத்தில் நின்ற சாறின் மேல்கொழுப்பை எடுத்துவிட்டு வெட்டிய கறிமேல் தெளியுங்கள். பக்கத்தில் பரோட்டாவும் சின்ன வெங்காயத் தயிர்ப் பச்சடியும் இருந்தால் வேறு சாஸ் தேவைப்படாது.

மிஞ்சியது இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், மறுநாள் பொடியாகக் கொத்திக் கொத்துப் பரோட்டாவில் போடலாம். கடைசி ஈடு இறங்கியதும் டிரம்மின் மேல்துளை, அடித்துளை எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். நெருப்பு மூச்சு முட்டி அணையும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும்.