பாம்புக்கடி: அவசரப் பிரிவில் சறுக்கும் இடங்கள்

தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலை நான்கு மணிக்கு வயிற்றுவலி, தொண்டை அடைப்பு என்று வருகிறார். தடமும் இல்லை, வீக்கமும் இல்லை. 'அல்சர்' என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால், பொழுது விடிவதற்குள் இமை தொங்கி, மூச்சு அடங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கட்டுவிரியனின் பல் சிறியது. கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே தடத்தைத் தேடாமல் முகத்தைப் பாருங்கள். மேலே பார்க்கச் சொன்னால் இமை ஏறுகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார்? வரவர எண்ணிக்கை குறைந்தால் மூச்சுக்குழாய் போடத் தயாராகுங்கள்.

கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது; அதைக் கண்டுபிடிக்க 20 நிமிட ரத்த உறைதல் சோதனை. செலவே இல்லாதது, ஆனால் கெட்டுப்போவதும் இதுதான். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும்; கண்ணாடிப் பரப்பு தொட்டால்தான் உறைதல் சரியாகத் தூண்டப்படும். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். புதிய, உலர்ந்த குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம் எடுத்து, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். நடுவில் ஆட்டிப் பார்க்கும் கை எல்லா வார்டிலும் உண்டு! முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. திரும்பத் திரும்பச் செய்து 24 மணி நேரம் வைத்திருங்கள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்ததும் 10 குப்பி, சலைனில் கலந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கு எடை பார்த்துக் குறைக்கக் கூடாது: பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. தோலில் சோதனை ஊசி போட்டுக் காத்திருப்பது வீண். அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லாது. பெரியவருக்கு 0.5 மி.கி. அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அரிப்போ இருமலோ வந்ததும் சொட்டை நிறுத்தி, தொடைத் தசையில் போடுங்கள்.

ரத்தம் இன்னும் உறையவில்லையே என்று அடுத்த மணி நேரமே மறுபடி 10 குப்பி ஏற்றுவார்கள். உறைதல் காரணிகளைக் கல்லீரல் திரும்ப உருவாக்க ஏறக்குறைய 6 மணி நேரம் வேண்டும். அதன் பிறகு சோதித்து முடிவெடுங்கள். அதுவரை டெட்டனஸ் ஊசியையும் தள்ளிப்போடலாம், தசைக்குள் ரத்தம் கட்டும்.

காலில் இறுக்கிக் கட்டிய கயிற்றை வாசலிலேயே அறுக்காதீர்கள். சொட்டு மருந்தும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு (Ambu) பையும் தயாரான பிறகு மெல்லத் தளர்த்துங்கள்.