செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறப்ப தயவுசெஞ்சு இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன ரெண்டு மாசத்துல மூணு பேருக்கு கார் பாக்க கூடப் போயிட்டு வந்தேன். ஒருத்தர் எங்க தெரு மெடிக்கல் ஷாப்காரர், ஒருத்தங்க ஆபீஸ்ல புதுசா சேந்த பொண்ணு, மூணாவது என் அக்கா பையன். மூணு பேரும் கையில நாலு, அஞ்சு லட்சம் வெச்சுக்கிட்டு "ஓட்ட ஜாலியா இருக்கணும், வீட்ல பெரியவங்க பின்னாடி உக்காந்தா இடுப்பு வலிக்கக் கூடாது"ன்னு ஒரே மாதிரி சொன்னாங்க. நியாயமான ஆசை தான், கோயம்புத்தூர்ல அந்தக் காசுக்கு அப்படி வண்டி கிடைக்கவும் செய்யும். ஆனா மூணு பேரும் ஆசையா போய் நின்ன வண்டி, 2019ல நான் போய் நின்ன அதே மாதிரி வண்டி. அதைப் பாத்ததுல இருந்து மனசு கேக்கலை, அதான் எழுதுறேன்.

ஆர்.சி.யில பேரு சரியா இருக்கா, சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகுதா, இன்சூரன்ஸ் இருக்கா, இதெல்லாம் எல்லாரும் பாப்பீங்க. அதை விட்டுடுறேன்.

அப்போ பதினஞ்சு லட்சம், இப்போ நாலே கால்

இதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இன்னிக்கு வரைக்கும் நினைச்சா எரிச்சலா வருது.

2019ல என்கிட்ட இருந்தது மொத்தம் நாலரை லட்சம். ஸ்விஃப்ட், ஐ20ன்னு தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பழைய கார் வாங்கி விக்கிற ஒரு கன்சல்டிங்ல 2011 மாடல் ஐரோப்பிய செடான் ஒண்ணு நின்னுச்சு, பேரு வேணாம். புதுசுல பதினஞ்சு லட்சத்துக்கு மேல வித்த வண்டி, லெதர் சீட்டு, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கதவை சாத்துனா 'தொம்'முன்னு ஒரு சத்தம், நாலே கால் லட்சம் சொன்னாங்க. அவினாசி ரோட்டுல பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்தேன், மிதிச்சா போதும் சீட்டோட சேத்து பின்னாடி தள்ளுச்சு. ஸ்விஃப்ட் காசுக்கு இப்படி ஒரு வண்டியான்னு அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

நாலாவது மாசம். அம்மா, அப்பா பின்னாடி உக்காந்திருக்காங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறிக்கிட்டு இருக்கேன், குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவுல கியர் லைட் கண் சிமிட்ட ஆரம்பிச்சுச்சு, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, சக்கரம் சுத்தலை, வண்டி மெதுவா பின்னாடி நகருது. பின்னாடி லோடு லாரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு இறங்கி டயருக்குக் கல்லு வெச்சப்ப கை நடுங்குனது இன்னும் ஞாபகம் இருக்கு. ரெக்கவரி வண்டி வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு, அது வரைக்கும் அப்பா ரோட்டோரமா மைல்கல்லு மேல உக்காந்திருந்தார்.

கியர் மாத்துற ஹைட்ராலிக் வால்வும் எலக்ட்ரானிக்ஸும் சேந்த ஒரே பிளாக் போயிடுச்சு. 1,65,000 ரூபாய், பார்ட் வர 18 நாள். ரெண்டு மாசம் கழிச்சு ஏசி கம்ப்ரஸர் 38,000. அப்புறம் முன் பக்க சஸ்பென்ஷன். அந்த வருஷக் கடைசியில ரெண்டு லட்சத்து சொச்சத்துக்கு வித்துட்டு வெளிய வந்தேன்.

இதுல யாரும் என்னை ஏமாத்தலை, அது தான் எரிச்சலே. வித்தவர் பொய் சொல்லலை, மீட்டரைத் திருப்பலை, வண்டியும் நல்ல வண்டி தான். நான் ஒரு போன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும், அதைப் பண்ணலை.

விஷயம் இது தான்: கார் பழசாக பழசாக அதோட விலை இறங்கும், அதோட ஸ்பேர் விலை இறங்காது. பதினஞ்சு லட்சம் வண்டியோட கியர்பாக்ஸ், நீங்க அதை நாலு லட்சத்துக்கு வாங்குனாலும் பதினஞ்சு லட்சம் வண்டியோட கியர்பாக்ஸ் தான். அந்த விலை ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்துச்சுன்னு யோசிக்கணும், வாங்கி வித்த ஒவ்வொருத்தரும் வரப்போற செலவைக் கழிச்சுட்டு தான் விலை பேசியிருக்காங்க. குறைவா குடுத்த அந்தப் பணத்தை அடுத்த மூணு வருஷத்துல ஒர்க்‌ஷாப்புல கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவு தான் கணக்கு.

அதனால வண்டி பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேர் கடைக்குப் போன் போட்டு இந்த ஆறோட விலையைக் கேளுங்க: முன் ஷாக் அப்ஸார்பர் ஜோடி, லோயர் ஆர்ம், கிளட்ச் செட், ஏசி கம்ப்ரஸர், ஒரு ஹெட்லைட், ரேடியேட்டர். ஆட்டோமேட்டிக்னா கியர்பாக்ஸ் வேலைக்கு எவ்வளவு ஆகும்னு தனியா கேளுங்க. விலையை விட முக்கியம் "எத்தனை நாள்ல வரும்"ங்கற கேள்வி. ஸ்விஃப்டுக்கு லோயர் ஆர்ம் எந்த ஊர்ல நின்னாலும் மத்தியானத்துக்குள்ள கிடைச்சிடும். ஆபீஸ் பொண்ணு ஆசைப்பட்ட செடானுக்கு அவங்க முன்னாடியே ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன், ஹெட்லைட் ஒண்ணு மட்டும் 42,000, அதுவும் ஆர்டர் போட்டா தான். பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிடுச்சு. ஆனா கோத்தகிரி ரோட்டுல வாடுறதுக்கு இது பரவால்ல.

கம்பெனி நாட்டை விட்டே போயிருந்தாலும் பயப்படணுமான்னு கேப்பாங்க. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் செய்றதை நிறுத்துறதா அறிவிச்சாங்க, ஆனா ஃபிகோ, ஈகோஸ்போர்ட் நிறைய ஓடுறதால வெளி மெக்கானிக்குங்களுக்கு அத்துப்படி, ஸ்பேரும் கிடைக்குது. அதனால கம்பெனி பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க ஊர்ல அந்த வண்டியைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளு எத்தனை பேருன்னு பாருங்க.

மொத்தக் காசையும் வண்டிக்கே குடுக்குறது

கையில நாலு லட்சம்னா மூணே கால் வரைக்கும் தான் வண்டி தேடணும். மீதி முதல் மாசச் செலவு.

அந்த முதல் மாசச் செலவு தான் பழைய வண்டியைச் சொகுசாக்கும், இதை யாரும் சொல்றதில்ல. எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடுன காரை ஓட்டிப் பாத்துட்டு "தூக்கித் தூக்கிப் போடுது, இந்த மாடலே அப்படித்தான்"னு சொல்றாங்க. மாடல் அப்படி இல்லங்க, ஷாக் அப்ஸார்பர் செத்திருக்கும், சஸ்பென்ஷன் இணைப்புல இருக்கற ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கும், டயர் ரப்பர் கல்லா இறுகியிருக்கும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது, பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டுனா மாத்திடுங்க. மெடிக்கல் ஷாப்காரரோட 2013 ஸ்விஃப்டுக்கு நாலு டயர், நாலு ஷாக், புஷ் எல்லாம் புதுசு போட்டோம், பின்னாடி உக்காந்து வந்த அவரு வீட்டம்மா "இது அதே வண்டியா"ன்னு கேட்டாங்க.

பெரிய அலாய் வீல் மாட்டுன வண்டி

வேணாம். பெரிய வீலுக்குப் பக்கவாட்டு உயரம் கம்மியான ஒல்லி டயர் தான் மாட்ட முடியும், நம்ம ரோட்டுல அதைப் போட்டா இடுப்பு தான் ஷாக் அப்ஸார்பர்.

சிசி பாத்து ஜாலியைத் தேடுறது

ஓட்டுற சந்தோஷம் பவர்ல மட்டும் இல்ல. எடை குறைவா இருக்கணும், ஸ்டியரிங் பேசணும், உங்களுக்குத் தேவையான வேகத்துல இழுவை இருக்கணும். 2010ல வந்த முதல் ஃபிகோ டீசல் 69 குதிரைசக்தி தான், பேப்பர்ல பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா ஹைட்ராலிக் ஸ்டியரிங், ரோடு என்ன பண்ணுதுன்னு கையில தெரியும். ஃபியட் புன்டோவும் அப்படித்தான், பள்ளத்துல கூட சொகுசா போகும், ஆனா ஸ்பேர் தேடணும். பெட்ரோல்ல கேட்டா ஹோண்டா சிட்டியோட 1.5 ஐ-விடெக், மேல சுத்தச் சுத்த சந்தோஷம். 2015க்கு அப்புறம் வந்த ஃபிகோ 1.5 டீசல் 100 குதிரைசக்தி, இழுவை 215 என்.எம்., இந்த பட்ஜெட்டுல மலை ஏற எனக்குப் பிடிச்ச வண்டி அது தான். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட், மாத்துனதுக்கு பில் இல்லன்னா மாத்தலைன்னு தான் எடுத்துக்கணும், பெல்ட் அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். ஸ்விஃப்ட் 1.3 டீசல்ல செயின், அந்தக் கவலை கம்மி.

பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவ்

நான் பண்ணுன அதே தப்பு. நல்ல ரோட்டுல பத்து நிமிஷத்துக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டி தான். முக்கால் மணி நேரம் கேளுங்க, பெட்ரோல் காசு நீங்க குடுங்க. மேம்பாலம் ஏத்துங்க, ஸ்பீட் பிரேக்கர் மேல ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏத்தி இறக்குங்க, ஏசி போட்டு டிராஃபிக்ல நில்லுங்க, வீல் முழுசா ஒடிச்சு ரிவர்ஸ் எடுங்க. அப்புறம் சாவியைக் குடுத்துட்டு நீங்க பின் சீட்டுல உக்காந்து வாங்க, அம்மா அங்க தான் உக்காரப் போறாங்க.

போனதும் முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா காலையில கஷ்டப்பட்டு ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கலாம், இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிடுங்க.

ஓடோமீட்டர்

நம்பாதீங்க. பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட் ஓரமும் சர்வீஸ் ரெக்கார்டும் சொல்றது தான் நிஜம்.

தண்ணி புகுந்த வண்டி

சென்னையில 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் எத்தனையோ கார் முழுகுச்சு, அதுல சிலது சுத்தம் பண்ணி வேற ஊருக்கு விலைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை கோடா நிக்கும். சீட்டுக்கு அடியில ரெயில், ஸ்டெப்னி வைக்கிற குழி, ஃபியூஸ் பாக்ஸ் மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள வாசனை தூக்கலா அடிச்சா எதையோ மறைக்கிறாங்கன்னு சந்தேகப்படுங்க.

டெல்லி டீசல்

அங்க பத்து வருஷம் தாண்டுன டீசலுக்குத் தடை வந்ததுல இருந்து சல்லிசா கிடைக்குதுன்னு இங்க கொண்டு வர்றாங்க. அந்த ஊர் ஆர்.டி.ஓ. குடுக்குற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), நம்பர் மாத்தம், தமிழ்நாடு வரி எல்லாம் கூட்டிப் பாத்துட்டு பேசுங்க.

பேரு மாத்துறதைத் தள்ளிப்போடுறது

29, 30 ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி டேஷ்போர்டுல வெச்சுக்கிட்டே வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. விபத்து ஆச்சுன்னா ஆர்.சி.யில பேரு இருக்கறவர் தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவர் தான் பொறுப்புன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, அதனால விக்கிறவருக்குத் தான் இது முதல் ஆபத்து. வாங்குறவருக்கு இன்சூரன்ஸ் சிக்கல், பதினாலு நாளுக்குள்ள பாலிசியை உங்க பேருக்கு மாத்தணும். பழைய ஓனரோட நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உண்டானது. லோன் இருந்த வண்டின்னா ஆர்.சி.யில இருக்கற ஹெச்.பி. (லோன் பதிவு) கேன்சல் ஆகாம அட்வான்ஸுக்கு மேல ஒரு ரூபாய் குடுக்காதீங்க.

அக்கா பையன் நேத்து ராத்திரி போன் பண்ணுனான். "மாமா, அந்த செடானை விட்டுட்டேன், பொள்ளாச்சியில 2016 ஃபிகோ ஒண்ணு, சிங்கிள் ஓனர், டைமிங் பெல்ட் மாத்துன பில்லு இருக்காம்"னான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அங்க இருக்குறோம், நாங்க வர்றதுக்குள்ள வண்டியை ஸ்டார்ட் பண்ணிட வேணாம்னு ஓனர்கிட்ட சொல்லி வைடான்னு சொல்லியிருக்கேன்.