திறந்தவெளியில் வாழும் குடும்பத்தைக் கதையாக எழுதுவது எப்படி?

குடும்பத்தையும் இயற்கையையும் சேர்த்து எழுதப்படும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தளர்ந்துபோகின்றன. முதல் பத்தியில் மலையும் மேகமும் அழகாக விவரிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் பத்தியில் குடும்பத்துக்குள் சண்டை தொடங்கும். அதன்பிறகு அந்த மலையைக் கதைக்குள் இருப்பவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதே சண்டையை ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்கு மாற்றினாலும் கதை கெடாது என்றால், வானமும் நிலமும் அங்கே நாடக மேடையின் திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்றே பொருள். வானிலையும் நிலமும் பொழுதும் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுகளுக்குக் காரணமாக அமையும்படி கதையைக் கட்டும் முறையை இங்கே விளக்க முயல்கிறேன்.

தமிழில் எழுதுபவருக்கு இதற்கான பிடிமானம் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் அகப்பாடலின் உள்ளடக்கத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மனித ஒழுக்கங்கள் உரிப்பொருள். இம்மூன்றும் பாடலுள் ஒன்றைவிட அடுத்தது சிறந்ததாக அமையும் என்றும் அந்நூல் சொல்கிறது. நிலத்திலிருந்து தொடங்கினாலும், சென்று சேர வேண்டிய இடம் மனிதர்களுக்கிடையே நிகழ்வதுதான் என்பது இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. புனைகதைக்கும் இதைவிடச் சிறந்த வேலைத்திட்டத்தை நான் கண்டதில்லை. முதலில் நிலத்தையும் பொழுதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்; அடுத்து, அங்கே செய்யப்படும் தொழிலை அதன் நுணுக்கங்களோடு அறிந்துகொள்ளுங்கள்; அந்தத் தொழில் எந்த உறவை எந்த இடத்தில் உரசுகிறது என்பதை அதன்பிறகு தேடுங்கள்.

தொழிலிலிருந்து உறவுக்கு

வெளியில் வாழும் குடும்பம் வானத்தை ரசிப்பதற்காக வெளியில் இருப்பதில்லை. மேய்ச்சல், உழவு, மீன்பிடிப்பு, உப்பெடுத்தல், காவல் என ஏதோ ஒரு வேலை அவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறது. ஆகவே கதாபாத்திரங்களின் குணநலன்களைப் பட்டியலிடுவதற்கு முன்பு, அவர்களுடைய ஒரு நாளை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விடியலில் முதலில் எழுபவர் யார், தண்ணீர் சுமப்பவர் யார், மேகத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது, அவர் சொன்னதைக் கேட்டு முடிவெடுப்பவர் யார், கடைசியாக உண்பவர் யார் என்பவற்றை எழுதும்போதே அந்தக் குடும்பத்தின் அதிகார அமைப்பு தெரிந்துவிடும். வானத்தைச் சரியாகக் கணிப்பவர் ஒருவராகவும், முடிவெடுப்பவர் வேறொருவராகவும் இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அறுவடை முடிந்து தானியம் களத்தில் காய்கிறது. இரண்டு மகன்களுக்கும் பாகம் பிரிந்துவிட்டதால் இரண்டு குவியல்கள். தார்ப்பாய் ஒன்றுதான். மூத்தவன் வெளியூரில் இருக்கிறான். அவனுடைய மனைவியும் இளையவனும் தாயும் இரவுக் காவலுக்குக் களத்தில் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் மேகம் திரள்கிறது. இந்தச் சூழலை எழுதும்போது கைப்பழக்கத்தில் வந்துவிழும் வரிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“வானம் கருத்திருந்தது. குளிர்ந்த காற்று வீசியது. தன் இரு மகன்களையும் எண்ணி அந்தத் தாயின் மனம் கலங்கியது.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மேகமும் தாயும் ஒருவரையொருவர் தொடவே இல்லை. இப்போது இதைப் பாருங்கள்:

“தெற்கே மின்னியது. அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டே தார்ப்பாயின் கட்டை அவிழ்த்தாள். பதினெட்டில் இடி கேட்டது. ‘பெரியவன் குவியல் மேட்டுலதான் இருக்கு’ என்றாள், யாரையும் பார்க்காமல். ‘மேட்டுல இருந்தா மழை பெய்யாதா அத்தை?’ என்றாள் மருமகள். இளையவன் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்திருந்தான். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அடுத்த மின்னலுக்கு அம்மா பன்னிரண்டு வரைதான் எண்ணினாள்.”

ஒலி ஏறத்தாழ மூன்று நொடியில் ஒரு கிலோமீட்டர் செல்கிறது என்பதால், பதினெட்டு என்பது மழைமேகம் ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதையும், பன்னிரண்டு என்பது அது நான்கு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டதையும் காட்டுகிறது. வாசகருக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும், எண் குறைவதிலிருந்தே நேரம் குறைகிறது என்பதை அவர் உணர்ந்துவிடுவார். தாய் எந்த மகன் பக்கம் சாய்கிறாள் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மேடு பள்ளத்தைப் பற்றிய ஒரு வாக்கியம் அதைச் சொல்லிவிடுகிறது. பல ஆண்டுகளாகப் பேசப்படாமல் கிடந்த ஒன்றை, நெருங்கிவரும் மழை சில நிமிடங்களுக்குள் பேசவைக்கிறது. வானம் கதைக்குள் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இந்த அமைப்பு எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். கரையோரத்தில் இரவு முதிர்ந்து விடியும்வரை நிலத்திலிருந்து கடலை நோக்கியும், பகல் ஏறியபின் கடலிலிருந்து நிலத்தை நோக்கியும் காற்று வீசும். பாய்மரப் படகில் செல்லும் ஒரு தந்தைக்கு இதன் பொருள், மகனோடு சமாதானம் செய்துகொண்டு புறப்படுவதா, கோபத்தோடேயே புறப்படுவதா என்பதைத் தீர்மானிக்க அவருக்குக் காற்று நிற்கும்வரைதான் நேரம் இருக்கிறது என்பதாகும்.

பொழுதைப் பிழையின்றி எழுதுதல்

வெளியில் வாழ்ந்தவர்கள் உங்கள் கதையைப் படிப்பார்கள். நள்ளிரவில் உச்சிவானில் வெள்ளி மின்னியது என்று எழுதிய பக்கத்தோடு அவர்களுடைய நம்பிக்கை முடிந்துவிடும். ஏனெனில் வெள்ளியை மாலையில் மேற்கிலோ விடியலுக்கு முன் கிழக்கிலோதான் காண முடியும். முழுநிலவு ஏறத்தாழச் சூரியன் மறையும் நேரத்தில் எழுந்து, விடியும்போது மறையும். அதன்பின் ஒவ்வொரு நாளும் நிலவு சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழுவதால், தேய்பிறையின் நடுவில் அது நள்ளிரவையொட்டித்தான் வெளிவரும். மாலையில் மேற்கே தெரிவது வளர்பிறை. விடியலில் கிழக்கே தெரிவது தேய்பிறை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிறை படகைப்போல் மல்லாந்து கிடக்கும்; அங்கிருந்து விலகிச் செல்லச் செல்ல அது நிமிர்ந்து நிற்கும்.

விண்மீன்கள் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி எழுகின்றன. ஒரு மாதத்தில் இது இரண்டு மணி நேரமாகிவிடுகிறது. ஆகவே கதை பல மாதங்களுக்கு நீளுமானால், முதல் அத்தியாயத்தில் விடியலில் எழுந்த விண்மீன் பிற்பகுதியில் மாலையிலேயே தெரியும். காலம் கடந்ததை அறிவிக்க நாட்காட்டி தேவைப்படாது. செந்நிறமான திருவாதிரையும் செந்நிறமான கேட்டையும் வானத்தில் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. கேட்டை கிழக்கே எழும்போது திருவாதிரை மேற்கே சாய்ந்திருக்கும். ஒருவரையொருவர் சந்திக்க மறுக்கும் இரு உடன்பிறப்புகளைப் பற்றி எழுதுபவருக்கு இது பயன்படலாம். ஆனால் அந்த ஒப்புமையை வாக்கியமாக்கிச் சொல்லாமல், இருவரும் வெவ்வேறு இரவுக் காவல்களில் வெவ்வேறு விண்மீனைப் பார்க்கும்படி அமைத்துவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது. கதை குறிப்பிட்ட ஆண்டிலும் நாளிலும் நிகழ்வதானால், ஸ்டெல்லாரியம் என்னும் இலவச மென்பொருளில் இடத்தையும் நாளையும் நேரத்தையும் கொடுத்து அன்றைய வானத்தை அப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணைப் பற்றியும் காற்றைப் பற்றியும் இன்னும் சில செய்திகள் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வருபவரின் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கோபித்துக்கொண்டு விளக்கடியிலிருந்து எழுந்து வெளியேறும் பெண்ணுக்கு உடனே வானம் நிறைய விண்மீன்கள் தெரிந்துவிடாது. அவள் இருட்டில் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பு உங்களுக்குக் கிடைத்த இடம். பனித்துளி மேகமில்லாத, காற்றடங்கிய இரவுகளில்தான் நன்றாகப் படியும். மேகம் மூடிய இரவுக்குப் பிறகு புல் நனைந்திருந்தது என்று எழுதும்முன் காரணத்தை யோசியுங்கள். முதல் மழையில் எழும் மண்வாசனையில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. மனித மூக்கு அதை மிகமிக நுண்ணிய அளவிலேயே கண்டுகொள்கிறது. தொலைவில் பெய்யும் மழையைக் காற்று கொண்டுவரும் வாசனையால் ஒரு முதியவர் அறிவது இதனால் நம்பத்தக்கது.

சுவர் இல்லாத இடத்தில் அந்தரங்கம்

இந்த வகைக் கதைகளில் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்ட வளம் இதுதான் என்று நான் கருதுகிறேன். கதவு இல்லாத இடத்தில் ஒரு குடும்பம் தன் இரகசியங்களை எங்கே வைத்துக்கொள்ளும்? கணவனும் மனைவியும் எங்கே சண்டையிடுவார்கள்? பருவமடைந்த பெண் எங்கே அழுவாள்? வீட்டுக்குள் நிகழும் கதையில் ஒருவர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டால் காட்சி முடிந்துவிடும். வெளியிலோ அவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தொலைவு அங்கே கதவின் வேலையைச் செய்கிறது. தண்ணீருக்குப் போகும் வழி, விறகு பொறுக்கும் சரிவு, காற்று எதிர்ப்புறமாக வீசும் பக்கம் ஆகியவை அவர்களுடைய அறைகளாகின்றன.

இரவில் இது இன்னும் கூர்மையாகிறது. தெளிந்த, காற்றடங்கிய இரவில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்துவிடுவதால், ஒலி மேலே சிதறிப் போகாமல் தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்கிறது. பகலில் கேட்காத பேச்சு இரவில் அடுத்த பட்டிவரை கேட்கும். அடங்கிய குரலில் பேசப்பட்ட கடன் பற்றிய ஒரு சொல், தூங்குவதாக நினைத்த சிறுவனின் காதில் விழுவதற்கு நீங்கள் செயற்கையான தற்செயலைத் தேட வேண்டியதில்லை.

உரையாடலின் இயல்பும் இங்கே மாறுகிறது. வெளியில் வேலை செய்பவர்கள் எதிரெதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேசுவது அரிது; ஒருவர் குனிந்திருப்பார், மற்றவர் பத்தடி தள்ளி நடந்துகொண்டிருப்பார், இடையில் ஒரு விலங்கு வழிமாறும், பேச்சு அறுபடும். ஆகவே நீளமான மனந்திறத்தல்கள் அங்கே பொருந்தா. கேள்வியை ஒரு காட்சியில் கேட்கவைத்து, பதிலை இரண்டு நாள் கழித்து வேறொரு வேலையின் நடுவே சொல்லவைத்துப் பாருங்கள். அந்த இடைவெளியில் குடும்பம் உயிரோடு இருப்பது தெரியும்.

சொல்லாமல் சொல்லுதல்

உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியம் பெயரிட்ட உத்தியை, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களைக் கொண்டே அமைக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த நிலத்தில் உண்மையாகவே இருக்கும் உயிர்களைக் கொண்டு, மனிதர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை உணர்த்துவது அதன் நோக்கம். தாயை இழந்த குட்டியை வேறோர் ஆடு முட்டித் தள்ளுவதையும், இடையர் அதைப் பலமுறை கொண்டுபோய் மடியில் சேர்ப்பதையும் விரிவாக எழுதிவிட்டால், இரண்டாம் மனைவியின் வீட்டில் வளரும் பிள்ளையைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் குட்டி கதையின் தொழிலுக்குள் தேவையான குட்டியாக இருக்க வேண்டும். உவமைக்காக மட்டும் வரவழைக்கப்பட்ட விலங்கை வாசகர் உடனே கண்டுகொள்வார்.

இயற்கையை நல்லவளாகவும் நகரத்தைக் கெட்டதாகவும் பிரித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மழை ஒரு குவியலைக் காப்பாற்றி மற்றொன்றை அழிக்கும். இரண்டிலும் அதற்கு நோக்கம் இல்லை. நோக்கம் தேடுவது மனிதர்களின் இயல்பு. பாட்டி அதைத் தண்டனை என்பாள், பேரன் காற்றழுத்தம் என்பான், இருவரும் நனைவார்கள். மரங்களையும் பறவைகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆனால் அந்தப் பெயர் கதாபாத்திரம் அறிந்த பெயராக இருக்கட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது ‘முள்ளுமரம்’ மட்டுமே என்றால், அந்தக் குழந்தையின் பார்வையில் செல்லும் அத்தியாயத்தில் அது முள்ளுமரமாகவே இருக்க வேண்டும்.

கதையின் முதல் வரைவு முடிந்ததும் வானம், காற்று, நிலம் ஆகியவற்றைப் பற்றிய எல்லா வாக்கியங்களையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் நீக்கிப் படித்து, அதற்குப் பின்வரும் யாருடைய செயலாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் அந்த வாக்கியத்தை வெட்டிவிடுங்கள், அல்லது அது யாரையாவது எழுந்து நடக்கவைக்கும்படி திருத்துங்கள். சில வரிகளை அவற்றின் அழகுக்காகவே விட்டுவைக்கத் தோன்றும். ஒரு கதைக்கு அத்தகைய ஒன்றிரண்டு வரிகளைத் தாங்கும் வலு உண்டு. பிறகு, நீங்கள் எழுதிய தொழிலை உண்மையில் செய்த ஒருவருக்குக் கதையைப் படித்துக்காட்டி, அவர் எந்த வாக்கியத்தில் குறுக்கிட்டு, “அந்த நேரத்துல அங்க போகமாட்டோம்” என்கிறாரோ அந்த இடத்திலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.