தூங்கப்போகும்போதே கனவைப் பிடிப்பது: பத்தரைக்குப் படுக்கை, நாலு மணிக்கு வேலை

ராத்திரி பத்தரைக்குப் படுத்து, மல்லாந்து அசையாமல் கிடந்து, நினைவு தப்பாமல் அப்படியே கனவுக்குள் இறங்கிவிட முயன்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். பத்து நிமிடத்தில் தூங்கிப்போய்க் காலையில் விழித்திருப்பார்கள். இல்லையென்றால் பதினொன்றரை வரை கொட்டக்கொட்ட விழித்திருந்து, அலுத்துப்போய்ப் புரண்டு படுத்திருப்பார்கள். செய்த முறையில் பிழை இல்லை, செய்த நேரம்தான் பிழை.

உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. கதைபோல நீளும் கனவுகள் மிகுதியாக வருவது ரெம் கட்டத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண்மணி அங்குமிங்கும் விரைந்து ஓடும் கட்டத்தில். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை அறிவித்தார்கள். தூங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆன பிறகுதான் முதல் ரெம் எட்டிப்பார்க்கும், அதுவும் சில நிமிடங்களுக்கே. முன்னிரவு ஆழ்ந்த உறக்கத்துக்குரியது. பத்தரைக்கு விழிப்போடு கனவுக்குள் நுழைய நினைப்பவர் நடுவில் கிடக்கும் அந்த ஆழத்தையும் நினைவு தப்பாமல் தாண்டியாக வேண்டும். பல்லாண்டு தியானப் பயிற்சி உள்ளவருக்கே அது பாடு. விடியலை நெருங்க நெருங்க ரெம் நீண்டு, கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரத்தைத் தொடும். நாலு மணிக்கு எழுந்து மறுபடி படுத்தால், வாசல் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இது கனவு என்று தெரிந்தபடியே காணும் கனவுக்கு ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்று பெயர், தமிழில் தெளிவுக்கனவு என்று எழுதுகிறார்கள். திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருப்பவரின் உறக்கத்துக்கு அறிதுயில் என்று பெயர், அறிந்தபடியே துயில்வது. அந்தச் சாயலில் அறிகனவு என்றால் சொல்லும் சிறிது, பொருளும் துல்லியம். இங்கே அப்படியே வைத்துக்கொள்வோம். இது வெறும் கற்பனை இல்லை என்பதும் ஆய்வகத்தில் நிரூபணமானது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே முன்பே பேசிவைத்த விதத்தில் கண்ணை இடமும் வலமுமாக அசைத்ததைக் கருவியில் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே காட்டினார்.

படுக்கும்போது செய்வது

பத்தரை மணிக்கு உங்கள் வேலை நன்றாகத் தூங்குவது மட்டும்தான். மது குடித்த இரவில் முயல வேண்டாம், அது முன்னிரவு ரெம்மை அமுக்கிப் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். மாலைக்கு மேல் காபி, டீ கூடாது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். அலாரத்தைத் தூங்கிய ஐந்து, ஐந்தரை மணி நேரத்துக்குப் பிறகு வையுங்கள். பத்தரைக்குப் படுத்துப் பத்தே முக்காலுக்குத் தூங்குபவருக்கு நாலு மணி சரியாக இருக்கும். காலையில் ஆறரை, ஏழு வரை தூங்க வழியுள்ள நாளாகப் பார்த்து வைப்பது முக்கியம். ஆறு மணிக்கு வேலைக்கு ஓட வேண்டிய நாளில் இதைத் தொட்டால் கனவும் வராது, அன்றைய பகலும் வீண்.

இதற்கு முன்னால் இரண்டு வாரமாவது தினமும் விழித்தவுடன் கனவை எழுதிவைத்துப் பழகியிருக்க வேண்டும். ஒரு காட்சி நினைவிருந்தால் ஒரு வரி போதும். கனவே நினைவில் தங்காதவருக்கு அறிகனவு வந்தாலும் வந்தது தெரியாது. பலர் தாண்டிக் குதிக்கும் படி இதுதான், பலர் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

நாலு மணிக்கு

அலாரம் அடித்ததும் உடனே எழ வேண்டாம். அரை நிமிடம் அப்படியே கிடந்து, சற்று முன் ஓடிய கனவைப் பிடியுங்கள். கிடைத்ததை எழுதுங்கள். பிறகு எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, 20 முதல் 30 நிமிடம் விழித்திருங்கள். பெரிய விளக்கைப் போடாமல் விடிவிளக்கு வெளிச்சத்திலேயே இருங்கள். போனைத் தொடக் கூடாது. ஒரு வாட்ஸப் செய்தியைப் பார்த்துவிட்டால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும்.

எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பதை அவரவர் உடம்புதான் சொல்லும். தலை சாய்ந்ததும் குறட்டை விடுபவர் 40 நிமிடம் வரை போகலாம். ஒருமுறை விழித்தால் தூக்கம் வராதவருக்கு 5 நிமிடமே அதிகம். மறுபடி படுத்து 10 முதல் 20 நிமிடத்தில் தூக்கம் பிடிப்பதுதான் சரியான அளவு. அதை வைத்து அடுத்த முறைக்குக் கூட்டுங்கள், குறையுங்கள்.

நுழைவது

வழக்கமாகத் தூங்கும் பக்கத்தை விட்டு வேறு விதமாகப் படுங்கள். ஒருக்களித்தே தூங்குபவர் மல்லாந்து படுத்தால் சட்டென்று தூக்கம் அமுக்காது. முதலில் உடம்பைத் தளர்த்த வேண்டும். யோக நித்திரை தெரிந்தவர்கள் அதே வரிசையைப் பிடிக்கலாம்: வலக்கைக் கட்டைவிரல், மற்ற விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று வலப்பக்கம் முழுவதும் கவனம் இறங்கி, பிறகு இடப்பக்கம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொடிதான். இரண்டு சுற்று போதும்.

அடுத்து மனதுக்கு ஒரு கொழுகொம்பு வேண்டும். லபெர்ஜ் சொன்ன முறை எளிது. மெதுவாக மூச்சு விட்டபடி, "ஒன்று, இது கனவு... இரண்டு, இது கனவு" என்று மனதுக்குள் எண்ணுவது. எண் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தவறுவது நல்ல அறிகுறி, தூக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், காரியம் முழுவதும் இந்த ஐந்து, பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. முதலில் இமைக்குள் நிறமில்லாத புள்ளிகளும் மெல்லிய மேகம்போல நகர்வதும் தெரியும். பிறகு வடிவங்கள் வரும்: வலைப்பின்னல், கோலப்புள்ளி மாதிரி வரிசை, ஒரு முகத்தின் பாதி. இடையில் யாரோ காதருகே பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒற்றைச் சொல் கேட்கும், பாத்திரம் விழும் ஓசை கேட்கும். படியில் கால் தவறியதுபோல உடம்பு ஒரு தடவை தூக்கிப்போடலாம். எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம். உற்றுப் பார்த்தால் படம் கலைந்துவிடும். ஓடும் பேருந்தின் சன்னல் வழியே வயல் போவதைப் பார்ப்பதுபோல விட்டுப் பாருங்கள். பிறகு கைகால் கனத்து, எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகும். சிலருக்கு இந்த இடத்தில் உடம்பெங்கும் மின்மோட்டார் ஓடுவதுபோல அதிர்வும் காதில் இரைச்சலும் வரும், சிலருக்கு ஒன்றும் வராது. திடீரென்று படத்துக்கு ஆழம் வந்துவிடும். தட்டையாக இருந்த தெரு நீண்டு போகும், அதில் வெயில் விழும், கால் கீழே தரை தட்டுப்படும். அதுவரை அசையாதிருந்த நீங்கள் அந்த நொடியில் கையை நீட்டிப் பக்கத்துச் சுவரைத் தொடுங்கள். சுரசுரப்பு விரலில் பட்டால் உள்ளே வந்தாயிற்று.

எங்கே கெடுகிறது

எச்சில் விழுங்கத் தோன்றும், மூக்கு அரிக்கும். அடக்கினால் அது பத்து மடங்காகும். விழுங்குங்கள், சொறியுங்கள், மறுபடி எண்ணுங்கள். அசைந்தால் எல்லாம் போச்சு என்பது தேவையில்லாத பயம். அதிர்வு தொடங்கியதும் "வந்துடுச்சு!" என்று நெஞ்சு படபடத்து விழிப்பவர்கள்தான் அதிகம். மூச்சு வெளியே போவதை மட்டும் கவனித்தால் படபடப்பு அடங்கும். எண்ணும்போதே தூங்கிவிடுகிறீர்கள் என்றால், படுத்தபடி ஒரு முழங்கையை மட்டும் மடக்கி, முன்கையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நினைவு மங்கினால் கை சாய்ந்து எழுப்பிவிடும். 30 நிமிடம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லையா, விட்டுவிட்டுப் பிடித்த பக்கம் புரண்டு, "அடுத்த கனவில் இது கனவென்று தெரிந்துகொள்வேன்" என்ற ஒரே எண்ணத்தோடு தூங்குங்கள். தோல்விக்கு ஆறுதலாகச் சொல்வதில்லை இது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் எழுந்து இந்த எண்ணத்தைச் சொல்லிப் படுத்து, ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கு ஏறக்குறைய 46 விழுக்காடு முயற்சிகளில் அறிகனவு வந்தது.

அமுக்குவான்

நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இந்த வாசலில்தான் நிற்கிறது. ரெம் கட்டத்தில் கனவுக்கேற்ப எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போடுகிறது. கட்டு அவிழுமுன் மனம் விழித்தால் கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருக்கும், அறையில் நிழல்கூடத் தெரியலாம். மூச்சு நிற்காது: உதரவிதானத்துக்கும் கண் தசைக்கும் இந்தக் கட்டு கிடையாது. மூச்சை வலிந்து ஆழமாக இழுக்கப் போகும்போதுதான் திணறுவதுபோலத் தோன்றும். இயல்பாக விட்டுவிடுங்கள். வெளியே வர வேண்டுமானால் கண்ணை இடவலமாக உருட்டி, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள். உள்ளே போக வேண்டுமானால், பேசாமல் கிடந்து படுக்கையிலிருந்து உருண்டு இறங்குவதாக எண்ணுங்கள். பெரும்பாலும் கனவு அங்கிருந்தே தொடங்கிவிடும். இந்த அனுபவம் மிரட்டினால் மல்லாந்து படுப்பதை விட்டுவிடுங்கள், மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

உள்ளே வந்த பிறகு

முதல் அறிகனவு ஒரு நிமிடம் தாண்டினாலே பெரிது. வந்ததும் பறக்கப் போகாதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்து அந்தச் சூட்டை உணருங்கள், அருகில் இருப்பதைத் தொடுங்கள். காட்சி மங்கினால் மறுபடி கையைத் தேய்க்கலாம், அல்லது நின்ற இடத்தில் சுற்றலாம். எந்த நேரமும் மூக்கை இறுக்கிப் பிடித்து மூச்சு இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் இன்னும் கனவில்தான் இருக்கிறீர்கள். இந்தச் சோதனையை விழித்துவிட்டதாகத் தோன்றும்போதும் தவறாமல் செய்ய வேண்டும். அதே அறை, அதே மின்விசிறி, அதே தலையணை என்று கனவே போலி விழிப்பைக் காட்டி ஏமாற்றும். எழுந்து பல் துலக்கிக் காபி குடித்த பிறகு மறுபடி விழித்தவர்கள் நிறைய.

வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், உண்மையற்ற குரலோ உருவமோ தோன்றிய அனுபவம் உள்ளவர்கள், நார்கோலெப்சி எனும் உறக்க நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே தூக்கம் கெட்டவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. கேலண்டமைன் மாத்திரை போட்டால் எளிது என்ற பேச்சும் உண்டு. அது அல்சைமர் நோயாளிக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது. இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்தை விளையாட்டாக வாங்கிப் போட வேண்டாம்.

கனவு அறுந்து விழிப்பு வந்துவிட்டால் கண்ணைத் திறக்காமல், அசையாமல், கடைசியாக நின்ற இடத்தையே நினைத்தபடி கிடந்து பாருங்கள். அரை நிமிடத்துக்குள் பலமுறை அதே தெரு திரும்பி வரும். வரவில்லை என்றால் நோட்டை எடுங்கள்.