எடை குறைந்த ஸ்லூஸ் பெட்டி வாங்கும் முன் ஓடையைப் பாருங்கள்

தூக்கிப் பார்த்தால் கனமே தெரியக்கூடாது என்று தேடித் தேடி ஒரு பிளாஸ்டிக் ஸ்லூஸ் பெட்டி வாங்கினேன். ஓடை மணலைத் தண்ணீர் ஓட்டத்தில் அலசித் தங்கத்தைப் பிரிக்கும் நீளமான பெட்டி அது. ஓடையில் வைத்துவிட்டு வாளியை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் துரத்திப் பிடித்த பிறகுதான், பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒழுங்காக யோசித்தேன்.

பேனில், அதாவது அகலமான தட்டில், தங்கத்துக்காக மணல் அரிக்கத் தெரிந்து, கை வலி தாங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரண மணலுடையது 2.65 அளவில், கருமணல் 5-ஐ ஒட்டி. லேசானதைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும். கனமானது ரிஃபிள் எனப்படும் குறுக்குப் பட்டைகளுக்குப் பின்னால் தங்கிவிடும். பெட்டி செய்வது அவ்வளவுதான்.

முதல் படி: ஓடை

பேனுக்கு அனுமதி உண்டு, பெட்டிக்குக் கிடையாது என்ற இடங்கள் இருக்கின்றன. அதை முதலில் விசாரித்துவிடுங்கள். அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். ஒரு இலையைப் போட்டு, கூடவே கரையில் நடந்து பாருங்கள். வேகமாக நடந்தால்தான் இலைக்கு ஈடுகொடுக்க முடிகிறது என்றால் நல்ல ஓட்டம். நிதானமாக நடந்தாலே இலையை முந்திவிட்டால் வேறு இடம் தேட வேண்டியதுதான். ரிஃபிளுக்கு மேல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீராவது ஓட வேண்டும். உங்கள் ஓடை ஆழமில்லாதது என்றால், வாய்ப்பக்கம் விரிந்த பெட்டியாக வாங்குங்கள். அது சுற்றியுள்ள தண்ணீரையும் உள்ளே திருப்பிவிடும்.

இரண்டாம் படி: பொருள், நீளம்

அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதைவிட லேசு. ஆனால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால்தான் என் பெட்டி ஓடிப்போனது. இப்போது இரண்டு பக்கமும் தட்டையான கல்லை ஏற்றி வைத்துவிடுகிறேன், பிரச்சினை இல்லை. இருந்தாலும் நான் அலுமினியத்தின் கட்சி. கல்லில் இடித்தால் நசுங்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் விரிசல் விட்டால் முடிந்தது.

நடந்து போகிறவர்களுக்கு 90 சென்டிமீட்டர் நீளம் போதும். மடக்குகிற மாதிரி என்றால் கீலுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் அடியில் போட்டிருக்கும் விரிப்பு அந்த இடைவெளியை முழுக்க மூடவில்லை என்றால் பொடித் தங்கம் அந்த வழியாகவே போய்விடும்.

இன்னொன்று. விளம்பரத்தில் போட்டிருப்பது உலர்ந்த எடை. பாசி போன்ற நார் விரிப்பு தண்ணீரைக் குடித்துவிட்டால் திரும்பி வரும்போது முதுகுக்குத் தெரியும். ரப்பர் விரிப்பு தண்ணீர் குடிக்காது, கழுவுவதும் சுலபம்.

மூன்றாம் படி: வாட்டம்

நான் ஒரு மாதம் கோட்டை விட்டது இங்கேதான். கரையில், சமதளத்தில், ரசமட்டம் வைத்துச் சாய்வை அளந்தேன். அதே கற்களை அடியில் கொடுத்து ஓடையில் வைத்தேன். ஓடையின் தரையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், காலடி பட்டால் சரளை இறங்கும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அரை மணி நேரத்தில் ரிஃபிள்களுக்கு நடுவே மணல் சிமெண்ட் போல இறுகிவிட்டது. அதற்கு மேல் தங்கம் வந்தாலும் தங்க இடமில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆரம்பக் கணக்கு இது: 12-க்கு 1. அதாவது 90 சென்டிமீட்டர் பெட்டிக்கு, தண்ணீர் நுழையும் தலைப்பக்கம், வெளியேறும் வால்பக்கத்தைவிட 7.5 சென்டிமீட்டர் உயரம். பள்ளம் பள்ளமாக வார்த்த ரப்பர் விரிப்புக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படும், 11 சென்டிமீட்டர் வரை போகலாம். பெட்டியைத் தண்ணீரில் வைத்த பிறகு அளந்து பாருங்கள். குறுக்கு வாட்டத்தில் துளியும் சாய்வு வேண்டாம். இருந்தால் மணல் ஒரே ஓரமாக ஓடும்.

அதற்கப்புறம் அளவுகோலை மறந்துவிட்டு ரிஃபிளைப் பாருங்கள். ஒரு கை மணலைப் போட்டுக் குனிந்து பார்த்தால், பட்டைக்குப் பின்னால் கருமணல் கொதிக்கிற மாதிரி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரம்பி அசையாமல் கிடந்தால் வாட்டம் போதாது. விரிப்பு துடைத்துவிட்டது போல் வெறுமையாகத் தெரிந்தால் வாட்டம் அதிகம். ஒரு சின்னக் கல்லைச் செருகினாலோ உருவினாலோ போதும், அடுத்த நிமிடமே மாற்றம் தெரியும்.

நான்காம் படி: ஈயச் சோதனை

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, குண்டூசித் தலை அளவில் 20 துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3. ஈயம் நின்றால் அதே அளவுத் தங்கம் நிச்சயம் நிற்கும். பளிச்சென்ற நிறம் பூசி, மணலோடு கலந்து போட்டுவிட்டு எண்ணுங்கள். என் முதல் சோதனையில் 20-க்கு 11 திரும்பி வந்தது. வாட்டத்தைச் சரிசெய்த பிறகு 19. பெட்டி மோசம் என்று விற்கப் போனவன் நான்! ஈயத்தைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், ஓடையில் விடக்கூடாது. தொட்ட கையைக் கழுவவும் மறக்க வேண்டாம்.

மற்றதெல்லாம் சுலபம். 12 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிட்டு, கைக்கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைப்பக்கம் போடுங்கள். அவசரப்பட்டு வாளியோடு கவிழ்க்காதீர்கள். வால்பக்கம் விழுவதை அவ்வப்போது பேனில் அரித்துப் பாருங்கள்.

பின்னால் சேர்த்தது

வாட்டம் சரியாக இருந்தும் தங்கம் வால்பக்கம் போகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு பேர் மண்ணிலும் களி. களிமண் உருண்டை பெட்டிக்குள் உருண்டு போகும்போது, பிடித்து வைத்த தங்கத்தையும் ஒட்டிக்கொண்டு போய்விடும். வாளியில் ஊறவைத்து, கையால் பிசைந்து, தண்ணீர் குழம்பும் வரை கரைத்த பிறகுதான் போட வேண்டும்.

இன்னொருவர் பெட்டியைத் தூக்கும்போதே பாதி கொட்டிவிட்டது என்றார். வால்பக்கத்துக்கு அடியில் வாளியைக் கொடுத்து, தலைப்பக்கத்தை மட்டமாக இறக்கி, தண்ணீர் வடிந்த பிறகு தூக்குங்கள். விரிப்பைப் பெட்டியில் வைத்தே கழுவாதீர்கள். சுருட்டி எடுத்து வாளிக்குள் உதறுங்கள்.